கோப்பில் நான் தனியாள்

உங்கள் பத்திரிகைக்காக இதைத் தட்டெழுதப்போகிறவர் முதலில் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். என் எழுத்து கோட்டில் நிற்காது. ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு முடிந்துவிட்டது. பிழைகளைத் திருத்துங்கள், சொன்னதை மாற்றாதீர்கள்.

டுசல்டோர்ஃபில் ஒரு உணவகத்தின் சமையலறையில் வேலை செய்கிறேன். வயது ஐம்பத்து நான்கு. பிள்ளைகள் இல்லை. இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்பு இங்கேயே ஒரு மண்டபத்தில், ஐயர் மந்திரம் சொல்ல, முந்நூறு பேர் பார்த்திருக்க, என் மனைவிக்குத் தாலி கட்டினேன். நகரசபையில் மட்டும் பதியவில்லை. அவளைக் கூட்டிவந்த ஏஜென்சிக்காரன் கடவுச்சீட்டில் ஒரு பிறந்த வருடத்தைப் போட்டிருந்தான். ஊரிலிருந்து எடுத்த பிறப்புப் பத்திரத்தில் வேறொரு வருடம் இருந்தது. பதிவுக் கந்தோருக்கு நான்கு தடவை போனோம். நான்கு தடவையும் ஏதோ ஒரு பத்திரம் குறைந்தது. ஐந்தாம் தடவை நான் போகவில்லை. மூன்று முடிச்சும் போட்டாயிற்று, இனி எவனுக்கு என்ன காட்டுவது என்ற எரிச்சல். எங்கள் ஆட்களில் இப்படி விட்டவர்கள் பலர்.

இந்த மாசியில் என் இதயத்தில் ஒரு வால்வு பழுது என்று கண்டுபிடித்தார்கள். வைகாசியில் அறுவைச் சிகிச்சை. ஆஸ்பத்திரியில் டொக்டர் அம்மா என் கோப்பைப் பார்த்தார். அதில் நான் திருமணமாகாதவன்.

"மயக்கத்தில் இருக்கும்போது முடிவெடுக்க வேண்டி வந்தால் யாரிடம் கேட்பது?" என்றார்.

பக்கத்தில் இருந்தவளைக் காட்டினேன்.

"இவர் உங்களுக்கு யார்?"

"என்னவாம்?" என்று மனைவி என்னிடம் கேட்டாள்.

"நீ ஆரெண்டு கேக்கிறா."

"நல்லாயிருக்கு. இருவத்திரண்டு வருசம் உங்களுக்குச் சமைச்சுப் போட்டதுக்கு இப்பதான் ஆரெண்டு கேக்கினம்."

அங்கேயிருந்த சமூக உத்தியோகத்தர் ஒரு படிவம் தந்தார். எனக்காக முடிவெடுக்கும் உரிமையை அவளுக்குக் கொடுக்கும் படிவம். அன்றே நிரப்பிக் கையெழுத்து வைத்தேன். பிறகு அவர், வீடு யார் பெயரில் என்று கேட்டார். என் பெயரில். இரண்டு அறை வீடு. அவளும் கந்தோர்களைக் கூட்டித் துடைத்து, இருவருமாக உழைத்து வாங்கியது. எனக்கு ஏதாவது நடந்தால் வீடு கனடாவில் இருக்கும் என் அண்ணனுக்குத்தான் போகும், இவருக்கு ஒன்றும் இல்லை, உயில் எழுதுங்கள் என்றார். அண்ணன் கெட்டவர் அல்ல. ஆனால் அவருக்கும் குடும்பம் இருக்கிறது. அவள் தன் வீட்டில் இருக்க அவருடைய தயவை எதிர்பார்க்க வேண்டுமா?

கோயில் நிர்வாகத்தில் இருக்கும் ஒரு அண்ணையிடம் சொன்னேன். அதுதான் நான் விட்ட பிழை.

"உதுக்கேன் தம்பி வக்கீல்? நான் அடிச்சுத் தாறன். ரெண்டு சாட்சி, கோயில் முத்திரை. பிறகு எவனாலை அசைக்க ஏலும்?"

உயிலைக் கணினியில் அழகாக அடித்து, சாட்சிகளின் கையெழுத்து வாங்கி, முத்திரை குத்தி, தண்ணீர் படாமல் பிளாஸ்டிக் உறையும் ஒட்டித் தந்தார். எங்கள் ஆட்களுக்குப் பிளாஸ்டிக் ஒட்டாத பத்திரம் பத்திரமே அல்ல. ஆறு கிழமை, ஒன்றரை மாதம், நான் நிம்மதியாக நித்திரை கொண்டேன்.

மனைவிக்குத்தான் சந்தேகம். இலவச ஆலோசனை தரும் ஒரு சட்டத்தரணியிடம் சந்திப்புக்கு Termin எடுத்து என்னை இழுத்துக்கொண்டு போனாள். அந்த அம்மா உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது செல்லாது. நோட்டரியிடம் செய்யாவிட்டால், முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை உங்கள் கையாலேயே எழுத வேண்டும். கீழே இடம், தேதி, கையெழுத்து. சாட்சி வேண்டாம்."

முப்பது வருடமாக இந்த நாட்டில் எந்த Antrag, எந்த விண்ணப்பம் கொடுத்தாலும், வாசிக்க முடியவில்லை, அடித்துக்கொண்டு வா என்று திருப்பியவர்கள்! இந்த ஒன்றுக்கு மட்டும் என் கோழிக் கிறுக்கல் வேண்டுமாம்.

அந்த அம்மா தந்த ஜெர்மன் மாதிரியைப் பார்த்து எழுதத் தொடங்கினேன். மூன்றாம் வரியில் ஒரு சொல் தவறும். வெட்டினால் பிறகு சந்தேகப்படுவார்களோ என்று தாளைக் கசக்குவேன். இரண்டு கிழமை, ஒரு கொப்பி முடிந்தது. நேற்று மனைவி பொறுமை இழந்து, தன் அரைகுறை ஜெர்மனில் தானே சட்டத்தரணிக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"தமிழிலை எழுதலாமாம். எந்தப் பாஷையிலையும் எழுதலாமாம். நீதிமன்றம் மொழிபெயர்ப்பிக்குமாம். உதை அண்டைக்கே கேக்க உங்களுக்கு வாய் இல்லையே?"

"கேக்க வெக்கமாக் கிடந்தது."

"சாகிறதுக்கும் வெக்கப்படுங்கோ, நல்லது."

இன்று மத்தியானம் எழுதினேன். ஆறு வரி. அவளுடைய பெயரும் கடவுச்சீட்டில் உள்ள அந்தப் பொய்ப் பிறந்த தேதியும் போட வேண்டியிருந்தது, ஏனென்றால் அரசாங்கத்துக்கு அவள் அந்தத் தேதியில்தான் பிறந்தவள். மனைவி என்று எழுத வேண்டாம், பிறகு குழப்பம் வரும் என்று சட்டத்தரணி சொல்லியிருந்தார். எழுதவில்லை. முடித்து அவளிடம் நீட்டினேன். அவள் வாசித்தாள்.

"ஆரோ பிறத்தியாருக்கு எழுதின மாதிரிக் கிடக்கு."

"வீடு உனக்கு வரவேணுமெண்டால் இப்பிடித்தான்."

"சரி, விடுங்கோ."

இன்று வெள்ளிக்கிழமை, மத்தியானத்தோடு நீதிமன்றக் கந்தோரைப் பூட்டிவிட்டார்கள். திங்கட்கிழமை காலை எனக்கு அறுவைச் சிகிச்சை. உயில் தொலையாமல் இருக்க அவள்தான் அதைக் கொண்டுபோய் அங்கே வைப்பிலிட வேண்டும்.

"அப்ப ஆஸ்பத்திரிக்கு நான் வாறேல்லையோ?"

"முதல் உதைக் குடுத்துப்போட்டு வா."

"வரமாட்டன். ரெண்டு பேரும் வெள்ளணப் போய்க் குடுத்திட்டு, பிறகு ஆஸ்பத்திரிக்குப் போவம். உங்களை அங்கை தனிய ஆர் விடுறது?"

ஏழு மணிக்கு ஆஸ்பத்திரியில் நிற்க வேண்டும், கந்தோர் திறப்பது எட்டரைக்கு என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கிற ஆள் அல்ல. ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசி எடுத்து நேரம் மாற்றச் சொல்லிக்கொண்டு நிற்கிறாள். நான் பேனை கையில் இருக்கும்போதே இதையும் எழுதி முடித்துவிட்டேன்.

டுசல்டோர்ஃப், 9.5.2025