முருகானந்தத்தின் சொந்த ஊர்

போர்ட் பிளேரில் டூரிஸ்ட் வேன் ஓட்டும் முருகானந்தத்துக்குச் சொந்த ஊருக்குப் பஞ்சமே இல்லை. வண்டியில் ஏறுகிறவர்கள் எந்த ஊரோ, அதுதான் அவன் ஊரும். ஏர்போர்ட்டில் பெட்டியை ஏற்றும்போதே பேச்சை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடுவான். தஞ்சாவூர்க்காரர்களிடம் தஞ்சாவூர்ப் பக்கம், கோயம்புத்தூர்க்காரர்களிடம் பொள்ளாச்சிப் பக்கம். 'நம்ம ஊர்ப் பிள்ளை' என்று அவர்களும் உருகிப்போய், ஊருக்குத் திரும்பியதும் தெரிந்தவர்களுக்கெல்லாம் அவன் நம்பரைக் கொடுப்பார்கள். பிழைப்பு ஓடியது.

உண்மையைச் சொல்ல அவனுக்கு வெட்கம். தாத்தா சின்னப் பிள்ளையில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர். எந்த ஊரிலிருந்து என்று யாரிடமும் சொல்லாமலே கண்ணை மூடினார். அங்கிருந்து திருப்பி அனுப்பப்பட்ட அப்பா, நிக்கோபாரில் கட்சால் தீவில் ரப்பர் பால் வெட்டினார். குலசாமி எதுவென்று தெரியாததால் ரப்பர் மரத்தடியில் ஒரு கல்லை நட்டுக் கும்பிட்டார்கள். சுனாமி அதையும் கொண்டுபோனது. இதைக் கேட்டால் வந்தவர்கள் 'அடப் பாவமே' என்பார்கள். அதை அவனால் தாங்க முடியாது.

உசிலம்பட்டிப் பக்கமிருந்து வந்த முத்துகிருஷ்ணன் சாரிடமும் வழக்கம்போல, எப்போதோ காதில் விழுந்த ஒரு கிராமத்தின் பேரை எடுத்துவிட்டிருந்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, டெய்ரி ஃபார்ம் பகுதியில் இருக்கும் தன் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவரிடமிருந்து வீடியோ கால் வந்தது.

"தம்பி, ஒரு கல்யாணத்துக்கு வந்தேன். உங்க ஊர்லதான் நிக்கிறேன். இந்தா பாருங்க, உங்க அய்யனாரு! அர்ச்சனைக்குப் பேரு சொல்லுங்க."

அவன் விழித்தான். அதற்குள் அம்மா ஒச்சம்மா போனைப் பிடுங்கிவிட்டாள்.

"நம்ம ஊரா? கண்டுபுடிச்சிட்டியா ராசா?"

போனை அலமாரியில் சாய்த்துவைத்து, முக்காட்டைச் சரிசெய்து, தரையில் விழுந்து கும்பிட்டாள்.

"ஒச்சம்மான்னு சொல்லுங்கய்யா. வீட்டுக்காரர் பேரு அழகர்சாமி. ஊரு தெரியாமலே போயிட்டாருங்க."

போனுக்குள் மணி அடித்தது. முருகானந்தத்துக்கு உடம்பே கூசிப்போனது. சோற்றுக் கை அப்படியே காய்ந்தது.

அம்மா வேலியோரம் ஓடி, பக்கத்து வீட்டு வங்காளிப் பெண்ணிடம் கத்தினாள். "தீதி! ஹமாரா காவ் மில் கயா!" ஊர் கிடைத்துவிட்டதாம். அந்தப் பெண் வந்து அவன் தலையைத் தடவிவிட்டுப் போனாள். அது அடித்ததுபோல் இருந்தது.

"அடுத்த கப்பல்லயே மெயின்லேண்ட் போவோம்டா. அந்த மண்ண ஒருதரம் மிதிச்சாப் போதும்."

"அம்மா, அது வந்து..."

"என்னா?"

"கப்பல் டிக்கெட் லேசுல கெடைக்காதும்மா."

மறுநாள் ஏறிய திருச்சிக் குடும்பம், "எந்த ஊரு தம்பி?" என்றது.

"கட்சால்."

"அது எந்த ஜில்லா?"

வேன் மின்னி பே கடலோரம் வந்து சேர்வதற்குள் எல்லாவற்றையும் சொல்லி முடித்தான். யாரும் பாவம் என்று சொல்லவில்லை. அந்த அம்மா மட்டும், "உங்க அம்மா இருக்காங்களா?" என்று கேட்டாள்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது வாசலருகே ஒரு பை தயாராக இருந்தது. மேலே அய்யனாருக்கு வாங்கிய புது வேட்டி.

"அந்த சார்கிட்ட கேளுடா, நம்ம சொந்தக்காரங்க யாராவது அங்க இருக்காங்களான்னு."

ஊர் பேர் தெரியாதவர்களிடம் காலையில் அவ்வளவு சுலபமாக வந்த உண்மை, அவளிடம் வரவில்லை.

"சரிம்மா," என்றான்.