இரவல் வாங்கிய முகங்கள்

இந்தத் தொழிலில் பொருள் உடைந்தால் ஒட்டிவிடலாம். பொருளைக் கொடுத்தவரின் மனம் உடைந்தால் ஒட்டுவதற்குப் பசை கிடையாது.

அடுத்தவர் பொருளை வாங்கி வைத்துக்கொண்டு நிம்மதி இழந்தவர்கள் யாராவது இதை வாசித்தால், என் நிலை அவர்களுக்குப் புரியும். இலங்கை மலையகத்தில் லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களில் ஆள் இல்லாமல் கிடந்த இரண்டு காம்பரா அறைகளைச் சேர்த்து, தோட்டத்து ஆட்களிடம் இரவல் வாங்கிய பழைய பொருள்களைக் காட்டுகிற ஒரு சின்ன நூதனசாலையை மைக்கல் சேர் வைத்திருந்தார். அவரும் அதே தோட்டத்தில் கொழுந்து எடுத்தவரின் மகன்தான். தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறவர். சாவி என்னிடம் இருந்தது. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட என்னை அவர் இந்த வேலைக்கு வைத்ததற்கு ஒரே காரணம், பூட்டிய பூட்டை நான் மூன்று முறை இழுத்துப் பார்ப்பேன் என்பதுதான்.

பார்வையாளர்கள்

வெளியூரிலிருந்து வருகிறவர்கள் குறைவு. பொருளைக் கொடுத்தவர்களே அது பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்க வருவார்கள். தன்னுடைய பித்தளைச் செம்பை நான் புளி போட்டுத் துலக்கவில்லை என்று ஒருத்தி கோபித்துக்கொண்டு, அங்கேயே உட்கார்ந்து துலக்கிவிட்டுப் போனாள்.

முத்தையா அண்ணன் தன் பழைய கவ்வாத்துக் கத்தியைக் கொடுத்திருந்தார். தேயிலைச் செடியை வெட்டிவிடுகிற கத்தி. அதைத் துடைத்து, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, கீழே பெயரும் எழுதியிருந்தோம். ஒரு சனிக்கிழமை வந்து பெட்டியைத் தட்டினார். “கண்ணாடிக்குள்ள வச்சுக்கிட்டு என்னம்மா செய்யப்போற? ஒரு மணித்தியாலம் குடு, அடுப்புக்கு மிலாறுக் குச்சி வெட்டிட்டுக் கொண்டாந்து வச்சிர்றேன்.”

ஒரே ஒரு படம்

மாரியாயி அக்கா எங்கள் பக்கத்து லயம். அவருடைய அம்மா கூடையோடு நிற்கிற படம் ஒன்று அவரிடம் இருந்தது. அந்தக் காலத்தில் தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரையின் மனைவி எடுத்துக் கொடுத்ததாம். அந்த அம்மாவுக்கு வேறு படமே கிடையாது. அடையாள அட்டை எடுக்கும் முன்னமே போய்ச் சேர்ந்துவிட்டார்.

அதைக் கேட்டு வாங்க எனக்கு ஒரு மாதம் பிடித்தது. சுவரில் மட்டும்தான் மாட்டுவேன், அறையை விட்டு வெளியே போகாது என்று நான்தான் வாக்குக் கொடுத்தேன். ஆணி அடிக்கும்போது பக்கத்திலேயே நின்றார். “வர்றவங்க தொட்டுப் பாத்தாக்கூடப் பரவால்ல. யாரும் கொண்டுபோக மட்டும் விட்றாத, தங்கச்சி.”

நெட் கடையில்

ஹட்டனில் நெட் கடைகள் திறந்திருந்த காலம் அது. நூதனசாலைகள் தங்கள் பொருள்களை உலகத்துக்கே காட்டலாம், ஒரு சதமும் வேண்டாம் என்று ஓர் இணையத்தளம் இருப்பதை மைக்கல் சேர் கண்டுபிடித்தார். மாரியாயி அக்காவின் படத்தையும் சேர்த்துப் படங்களை எல்லாம் ஒரு துவாயில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். கடைக்காரர் ஒவ்வொன்றாக மெஷினில் வைத்துப் பிரதி எடுத்தார். எடுத்து முடிய முடிய எண்ணி வாங்கினேன். கொடுத்த வாக்கு உறுத்தினாலும், தாள் பத்திரமாக ஆணிக்குத் திரும்பி வந்தால் போதும், படமும் பத்திரம் என்றுதான் நினைத்தேன்.

கடைசியில் ஆங்கிலத்தில் ஒரு நீளமான எழுத்து வந்தது. உருட்ட உருட்ட முடியவில்லை. அடியில் ஒரு சின்னப் பெட்டி. சேர் மணியைப் பார்த்தார்; எங்கள் பஸ் எடுக்கிற நேரம். “அது என்ன சேர் எழுதியிருக்கு?” என்று கேட்டேன். சேர் டிக் போட்டுவிட்டு எழுந்தார். பதில் சொன்னவர் கடைக்காரர்தான்: “அத இதுவரைக்கும் ஒருத்தரும் வாசிச்சதில்லக்கா. வாசிக்கிறதுன்னா நான் கடையில பாய் விரிக்கணும்.”

பக்கெட்

மாரியாயி அக்காவின் மகள் செல்வி கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்தாள். தைப்பொங்கலுக்கு வந்தபோது ஒரு தேயிலைப் பக்கெட் கொண்டுவந்தாள். அதன் அட்டை பச்சையும் தங்கமுமாகப் பளபளவென்று இருந்தது. அதன் நடுவில் கூடையோடு அவளுடைய பாட்டி நின்றார். முக்காடு, மூக்குத்தி, எல்லாம் அப்படியே. பின்னால் இருந்த லயத்தை மட்டும் அழித்துவிட்டு ஒரு நீர்வீழ்ச்சியை வைத்திருந்தார்கள்.

நூதனசாலைக்கு ஓடிப்போய்ச் சுவரைப் பார்த்தேன். படம் ஆணியிலேயே இருந்தது. திரும்பி வந்தால், மாரியாயி அக்கா பக்கெட்டை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். திட்டப்போகிறார் என்று நின்றேன். அவர் செல்வியைப் பார்த்துத்தான் பேசினார். “எங்கம்மா சாகுற வரைக்கும் கழிவுத் தூள்தான் குடிச்சுச்சு. இப்ப நல்ல தூள் மேல நிக்கிது. ஆனா யாரக் கேட்டு ஏறுச்சு?” அதன்பிறகு என் பக்கம் திரும்பினார். “வெள்ளிக்கிழம வந்து படத்தக் கழட்டிக்கிறேன் சரோஜா.”

அந்தத் ‘தங்கச்சி’ போய் ‘சரோஜா’ ஆனதுதான் எனக்கு அதிகம் வலித்தது. அவர் கழற்றினால் மற்றவர்களும் கழற்றுவார்கள். இரண்டு காம்பராவும் வெறும் சுவராகிவிடும்.

மாஸ்டர் வாசித்த பக்கங்கள்

மைக்கல் சேர் அந்த நீளமான எழுத்தை அச்செடுத்து, தன் பாடசாலையில் இருந்த நடராஜா மாஸ்டரிடம் கொண்டுபோனார். மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர். கடைச் சீட்டில் இருக்கிற பொடி எழுத்தைக்கூட விடாமல் வாசிக்கிறவர். அவர் சிவப்புப் பேனையோடு உட்கார்ந்தார். எனக்கு எதிரில் உட்காரப் பயமாக இருந்தது, கதவடியில் நின்றேன்.

“படம் உங்கடதான் எண்டு முதலாம் பக்கத்தில போட்டிருக்கு,” என்றார். எனக்கு மூச்சு வந்தது. “ஆறாம் பக்கத்தில, அதை அவையளும் பாவிக்கலாம், அவையள் விரும்பின ஆக்களுக்கும் பாவிக்கக் குடுக்கலாம் எண்டு போட்டிருக்கு.” மூச்சு மறுபடி போய்விட்டது. தேயிலைக் கம்பனி தளத்திடம் கேட்டிருக்கிறது; தளம் கொடுத்திருக்கிறது; நாங்கள்தான் சம்மதம் சொல்லியிருக்கிறோம்.

“அப்ப அவங்க மேல பிழையே இல்லையா மாஸ்டர்?” என்று சேர் மெதுவாகக் கேட்டார். மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “பிழை எங்க எண்டு கேட்டால், மைக்கல், நீர் இருக்கிறதே வாடகை வீடு. அதைப் போய் இன்னொருத்தருக்கு வாடகைக்கு விட்டிட்டீர்.”

லயம் லயமாக

தளத்திலிருந்து படங்களை எடுத்துவிட்டோம். மாஸ்டர் கம்பனிக்குக் கடிதம் எழுதினார். அச்சடித்த பக்கெட் தீர்ந்ததும் வேறு படம் போடுவதாக மரியாதையாகப் பதில் வந்தது. ஆனால் அந்தப் பதில் வருவதற்கு முன்னமே, வெள்ளிக்கிழமை வருவதற்கும் முன்னமே, நான் பொருள் கொடுத்த ஒவ்வொரு வீட்டுக்கும் போய் நடந்ததைச் சொல்லிவிட்டேன். யாரோ சொல்லிக் கேட்பதைவிட என் வாயால் கேட்கட்டும் என்று நினைத்தேன். முதல் வீட்டில் அழுதேன். இரண்டாம் வீட்டில் தேத்தண்ணி கொடுத்தார்கள்.

மூன்றாம் வீட்டில்தான் சண்டை. பழைய கங்காணியின் மருமகள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள். அவளுடைய மாமனார் தலைப்பாகையும் கோட்டுமாக இருக்கிற படத்தையும் நாங்கள் நெட்டில் போட்டிருந்தோம். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவள் விடவில்லை. “பக்கெட்டுல கொழுந்து எடுத்த கெழவியப் போட்ருக்கான். கோட்டுப் போட்ட எங்க மாமாவ ஏன் போடல? என்னா கொற கண்டான்?”

மாரியாயி அக்காவின் நிபந்தனை

வெள்ளிக்கிழமை மாரியாயி அக்கா ஒரு பழைய கோதுமை மாப் பையோடு வந்தார். சேரும் மாஸ்டரும் இருந்தார்கள். நான் நாற்காலியைப் போட்டு ஏறி, படத்தைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன். “வாக்குக் குடுத்தது நான். தவறுனதும் நான்தான்க்கா,” என்றேன். அவர் படத்தை முந்தானையால் துடைத்தார். பையில் போடவில்லை. சுவரில் ஆணி மட்டும் நிற்கிற இடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். “இது வீட்ல பெட்டிக்குள்ளதான் கெடக்கும்,” என்று தனக்குத்தானே சொன்னார். “இங்கன்னா நாலு பேரு பேரக் கேப்பாங்க.”

பிறகு என்னை எழுதச் சொன்னார். சுவரில் இருக்கலாம். நெட்டுக்கோ பேப்பருக்கோ பக்கெட்டுக்கோ போவதென்றால் முதலில் அவரைக் கேட்க வேண்டும். அவருக்குப் பிறகு செல்வியை. எங்கே வைத்தாலும் அம்மாவின் பெயர் இருக்க வேண்டும். எழுதியதை நான் வாசித்தேன். அதை வாங்கி மாஸ்டரிடம் கொடுத்து மறுபடி வாசிக்கச் சொன்னார். “ம்ம். இவ வாசிச்சதும் நீங்க வாசிக்கிறதும் ஒண்ணாத்தான் இருக்கு.”

சேர் சட்டைப்பையிலிருந்து பேனையை எடுத்தார். மாரியாயி அக்கா அதைத் தள்ளிவிட்டு, மேசையில் இருந்த முத்திரை மைப் பெட்டியை அவர் பக்கம் நகர்த்தினார். “கையெழுத்து வேணாம் சேர். வாசிக்கத் தெரியாத நாங்க ஒவ்வொரு தாளையும் நாலு பேரக் கேட்டுட்டுத்தான் ரேகை வைப்போம். நீங்களும் பெருவெரல நீட்டுங்க. தங்கச்சி, நீயும்.”

சேரும் நானும் ரேகை வைத்து, விரலைத் துடைத்துக்கொண்டோம்; அவர் அதே நாற்காலியைப் பிடித்துக்கொள்ள, நான் ஏறி அந்த அம்மாவை மறுபடி மாட்டினேன்.

இன்றைக்கும் யாராவது ஒரு சின்னப் பெட்டியைக் காட்டி டிக் போடச் சொன்னால், நான் முதலில் கேட்கிற கேள்வி, “இது யாருடைய அம்மா?” என்பதுதான்.