ஆழ்கடல் ஆக்ஸிஜனும் எங்கள் ஊர் பஸ்ஸும்

போன ஆடி மாசம், வெள்ளிமலைக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில், லேப்டாப் திரைக்குள் ஐந்து நாட்டுக்காரர்கள் பதினோரு பேர் இருந்தார்கள். திரைக்கு இந்தப் பக்கம் நான், சாமை புடைத்துக்கொண்டிருந்த அம்மா, அன்று கூலி வேலைக்குப் போகாத அப்பா. அந்தக் கூட்டத்தில் இருக்க வேண்டியவர் எங்கள் கடல் ஆய்வுக் குழுவை நடத்துகிற மேடம், அவருக்குக் காய்ச்சல், பதிலுக்கு நான். "கேட்டு எழுதிக்கோ, எதுவும் பேச வேண்டாம்" என்று சொல்லியிருந்தார். அவர் குழுவில் கப்பலில் போய்க் கடல் தண்ணீர் எடுத்து அளக்கிற நாலு பேரில் நானும் ஒருத்தன். மற்ற மூணு பேருக்கும் அழைப்பே இல்லை.

பல நாடுகள் சேர்ந்து ஒரே கடலை வருஷக்கணக்காக அளக்கிற திட்டம் அது. அடுத்த பத்து வருஷத்துக்கு எதை அளப்பது, எதை விடுவது என்று அன்றைக்கு முடிவு. வெட்டு விழ இருந்தது ஆழத்து ஆக்ஸிஜனுக்கு. அடித் தண்ணீரை மேலே இழுத்து, அதில் எவ்வளவு ஆக்ஸிஜன் கரைந்திருக்கிறது என்று கப்பலிலேயே கையால் சோதிக்க வேண்டும், அது எங்கள் நாலு பேர் வேலை. நாள் பிடிக்கிற வேலை. அந்தக் கணக்கைக் கேட்டு வாங்கியவர்கள் ரொம்பக் கம்மி, அதனால் விட்டுவிடலாம் என்றார் கூட்டத்தின் தலைவர்.

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் ஊருக்கு வந்த ஒரே பஸ்ஸையும் இப்படிச் சொல்லித்தான் நிறுத்தினார்கள். ஏறுகிறவர்களை எண்ணினார்கள், எண்ணியதில் பொய்யில்லை. ஆனால் எண்ணிய மாசம் பாதி ஊர் மிளகு பறிக்கக் கேரளா போயிருந்தது. அப்புறம் பன்னிரண்டாவது முடிக்கிறவரை நான் நடந்துதான் பள்ளிக்கூடம் போனேன். எங்கள் வீட்டில் படிக்கப் போன முதல் ஆள் நான். நடந்தவர்களை எண்ண யாரும் வரவில்லை.

"இன்னாடா முழிச்சிக்கினு கீற?" என்றார் அப்பா.

"பேசக் கூடாதுன்னு மேடம் சொல்லிக்கிறாங்கப்பா."

"பேசாம குந்திக்கினு இருக்க நம்ம ஆடே போதுமே. உன்ன எதுக்குப் படிக்க வெச்சேன்?"

அம்மா முறத்தால் வாயை மறைத்துச் சிரித்தாள்.

மைக்கைத் திறந்தேன். இங்கிலீஷ் தடுக்கியது. பஸ் கதையைச் சொன்னேன். நிறுத்தின பஸ்ஸை மறுபடி விடலாம், அளக்காமல் விட்ட வருஷத்தை மறுபடி அளக்க முடியாது என்றேன். அடியில் ஆக்ஸிஜன் குறைந்தால் மீன் இடம் மாறும், ஏன் மாறியது என்று பத்து வருஷம் கழித்துக் கேட்பார்கள், அப்போது கையை விரிப்போமா என்றேன்.

நான் யார் சார்பாகப் பேசுகிறேன் என்று தலைவர் கேட்டார்.

"பாட்டிலில் தண்ணீர் பிடிக்கிறவர்கள் சார்பாக."

கூடுதல் ஆள் கிடையாது, அதே நாலு பேர் கடலில் அதிக நாள் இருக்கச் சம்மதமா என்றார். மற்றவர்களுக்காக நான் எப்படிச் சொல்ல? பத்து நிமிஷம் கேட்டு வாங்கி மூணு பேருக்கும் போன் போட்டேன். இரண்டு பேர் உடனே சரி என்றார்கள். மூணாவது ஆள், "உன் வாய வெச்சிக்கினு சும்மாவே இருக்க மாட்டியா நீ?" என்று கத்திவிட்டு, "சரி, என் பேரையும் போடு" என்றான்.

ஆக்ஸிஜன் பட்டியலில் நின்றது. மேடம் சாயங்காலம் போனில் நன்றாகத் திட்டினார். பட்டியலை மாற்றச் சொல்லவில்லை.

வாயைத் திறந்ததற்கு நான் வருத்தப்படவில்லை, இனியும் படமாட்டேன். அதற்கு நாங்கள் கொடுக்கிற விலை ஒவ்வொரு பயணத்துக்கும் ஆளுக்குக் கூடுதலாக ஆறு நாள் வீதம் நாலு பேருக்குமாக இருபத்துநாலு நாள், அடுத்த பயணத்தில் என் ஆறு நாளில் ஒன்று என் தங்கச்சியின் வளைகாப்பு நாள்.