சன்னலுக்கு அளந்த கண்ணாடி

இலங்கை மலையகத்தில், இறம்பொடைப் பக்கம் தோட்டத் துரைமார் குடியிருந்த பழைய பங்களாதான் இப்போது எங்கள் ஹோட்டல். அதன் வரவேற்பறையில் ஒரு படம் மாட்டியிருக்கிறது. வெள்ளைக்காரப் பெண்மணி ஒருத்தி மஞ்சள் கண்ணாடிச் சட்டமொன்றைக் கையில் பிடித்திருக்கிறாள். பக்கத்தில் அக்கா வாய்நிறையச் சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பை வரவழைத்தவன் நான்தான்.

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. பல வருஷம் தேயிலைக் கொழுந்து பறித்துவிட்டு ஹோட்டல் பட்டறைக்கு வந்தவள். நத்தாருக்கு, அதாவது கிறிஸ்துமஸுக்கு, தங்க வரும் விருந்தாளிகளுக்குப் பரிசு கொடுப்பதற்காக, அங்கே ஐந்தாறு பெண்கள் வண்ணக் கண்ணாடியை வெட்டி, விளிம்பில் செப்புப் பட்டை சுற்றி, ஈயம் உருக்கி ஒட்டி, நட்சத்திரமும் குருவியும் செய்வார்கள். ஈயம் கொஞ்சம் வழிந்திருந்தாலும் போச்சு. செய்தவள் கையாலேயே வாளிக்குள் போட்டு உடைக்கச் சொல்வாள் ஹோட்டலை நிர்வகித்த மேடம். நான் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்து இங்கிலீஷ் படித்த பிள்ளை. விருந்தாளிகளுக்கு மொழிபெயர்ப்பது என் வேலை. அந்தப் படம் எடுத்த மாதம்தான் என்னை வேலையில் நிரந்தரமாக்குவதாக மேடம் சொல்லியிருந்தாள்.

வெட்டி மிஞ்சிய துண்டுகளை எடுத்துக்கொள்ள மட்டும் பெண்களுக்கு அனுமதி உண்டு. அக்கா மஞ்சளாகப் பொறுக்கிச் சேர்த்தாள். கொழும்பில் கார்மெண்டில் வேலை செய்யும் அவள் மகள், "அந்த இருட்டுக்குள்ள வந்து இருக்க ஏலாதும்மா" என்று சொல்லி இரண்டு வருஷமாக வீட்டுப் பக்கமே வரவில்லை. லயத்து அறையின் ஒரே சன்னலுக்கும் கண்ணாடி உடைந்து பலகை அடித்திருந்தது. அந்தச் சன்னலை அக்கா நூலால் அளந்து, அளவுக்கு முடிச்சுப் போட்டு எடுத்துவந்தாள். சாப்பாட்டு நேரங்களில் உட்கார்ந்தே சட்டத்தை முடித்தாள். "விடிஞ்ச மாதிரி இருக்கும்ல தம்பி?" என்று என்னிடம் தூக்கிக் காட்டினாள். நத்தார் லீவுக்கு மகள் வருவதாக இருந்தது.

பட்டறை பார்க்க வந்த அந்தப் பெண்மணிக்கு, அலமாரியில் இருந்த அத்தனை குருவியும் கண்ணில் படவில்லை. அக்காவின் சட்டத்தை எடுத்து, இதை எனக்குத் தருவீர்களா என்று கேட்டாள். அக்காவிடம் தமிழில் சொன்னேன்.

"இது எம் மகளுக்குச் செஞ்சது, கோவிச்சுக்க வேணாம்னு தொரசாணிகிட்ட சொல்லுங்க தம்பி."

மேடம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சந்தோஷமாக எடுத்துக்கொள்ளச் சொல்கிறாள்" என்று இங்கிலீஷில் சொன்னேன். நாக்கு கூசவில்லை.

பெண்மணி நெகிழ்ந்துபோய் அக்காவைக் கட்டிப்பிடித்தாள். நான் சொன்னதைக் கேட்டு மனமிரங்கிவிட்டாள் என்றே அக்கா நினைத்தாள். அப்போது மேடம் எடுத்த படம்தான் அது. பிறகு சட்டத்தைத் தாளில் சுற்றிப் பெண்மணியின் பெட்டிக்குள் வைத்தார்கள். அக்கா திகைத்து என் பக்கம் திரும்பினாள்.

"அவங்களுக்கு வெளங்கலக்கா. இனிப் போய்க் கேட்டா மேடம் ஏசுவாங்க."

"பாவம், பாஷ தெரியாத மனுசி என்ன செய்வா" என்றாள் அக்கா.

மறுபடி ஒன்று செய்ய மஞ்சள் துண்டும் இல்லை, நாளும் இல்லை. மறுநாள் மதியம் வழக்கம்போலத் தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்து எனக்கு வைத்தாள். வெட்கங்கெட்டவன், வாங்கித் தின்றேன். நத்தார் முடிந்து வேலைக்கு வந்தவள், "புள்ள ஒரு நாள்தான் இருந்துச்சு தம்பி, போயிருச்சு" என்று மட்டும் சொன்னாள்.

இப்போது மேடத்தின் நாற்காலியில் நான். அக்கா போன வருஷம் வேலையை விட்டு நின்றுவிட்டாள். புதிதாக வரும் விருந்தாளிகள் படத்தைக் காட்டி, இந்தப் பெண்ணுக்கு ஏன் இவ்வளவு சந்தோஷம் என்று கேட்பார்கள். பரிசு கொடுத்த சந்தோஷம் என்பேன். யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. அக்கா அந்தப் பெண்மணியைப் பார்க்கவில்லை, கேமராவையும் பார்க்கவில்லை. ஓரத்தில் நின்ற என்னைப் பார்த்துத்தான் நன்றியோடு சிரித்துக்கொண்டிருக்கிறாள்.