கல்நார்ப் பஞ்சு

ரயில்வே ஒர்க்‌ஷாப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் சகாதேவனுக்கு நிறுத்தத் தெரியாது. அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டி அவர் மனைவி ராஜம்மாள் சின்னதாக ஒரு கடை வைத்திருந்தாள். பௌர்ணமிக்கு நடக்க வருகிறவர்கள் மோர் வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தால் போதும், பக்கத்தில் இருக்கும் இவர் தொடங்கிவிடுவார். மெட்ராஸில் கரி எஞ்சின்களை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் புதுசுபோல் பூட்டி அனுப்பியது, பாய்லர் ஷெட்டில் அடிக்கிற சுத்தியல் சத்தத்தில் பேச்சே எடுபடாமல் கைஜாடையிலேயே காலம் தள்ளியது, பழுது பார்த்த எஞ்சின் முதல் தடவை மூச்சு விடும்போது எல்லோரும் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடிப்போய்ப் பார்த்தது என்று வந்துகொண்டே இருக்கும்.

"நடந்து கால் வலியோட வந்தவங்க, தலைவலியும் வாங்கிகினு போவட்டும்" என்று ராஜம்மாள் உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள். அவருக்கு அது உறைக்கவே உறைக்காது.

வேர்க்கடலை போட்டுப் பிழைத்த குடும்பம் அவருடையது. மழை ஏமாற்றிய ஒரு வருஷம் சகாதேவன் ரயிலேறி மெட்ராஸ் போனார். தெரிந்தவர் ஒருவர் மூலம் ஒர்க்‌ஷாப்பில் கலாசியாக, அதாவது எடுபிடித் தொழிலாளியாகச் சேர்ந்தார். அவரைப் போட்ட இடம் பாய்லருக்குப் போர்வை கட்டுகிற பிரிவு. பாய்லரின் சூடு வெளியே போய்விடாமல் இருக்க அதன் உடம்பு முழுக்கக் கல்நாரைப் பூசி, அதன் மேல் தகடு சுற்றுவார்கள். பழுதுக்கு வரும் எஞ்சினில் முதல் வேலை அந்தப் பழைய போர்வையை உடைத்து உரிப்பது. தட்டத் தட்டப் புகை மாதிரி கிளம்பும். சாயங்காலம் ஷெட்டை விட்டு வரும்போது மாவு மில்லிலிருந்து வருகிறவர்கள்போல் தலை, புருவம், மீசை எல்லாம் வெள்ளையாக இருக்கும். புதுக் கல்நார் மூட்டை மூட்டையாக வரும். பிரித்தால் பஞ்சுபோல இருக்கும். அவர்களும் அதைப் பஞ்சு என்றுதான் சொன்னார்கள்.

அவருக்கு ஜோடி, போளூர்க்காரரான இராமலிங்கம். இருவரும் பாய்லரின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று வேலை செய்வார்கள். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் ஷெட்டைப் பெருக்கும்போது, சின்னப் பையன்கள் மாதிரி அந்தப் பஞ்சை அள்ளி ஒருவர் மேல் ஒருவர் வீசிக்கொள்வார்கள். நெருப்பில் போட்டாலும் வேகாத பொருள் என்று அதன் மேல் எல்லோருக்கும் ஒரு மரியாதைகூட இருந்தது.

குவார்ட்டர்ஸில் பக்கத்துப் பக்கத்து வீடு. இராமலிங்கத்தின் மனைவி பச்சையம்மாளும் ராஜம்மாளும் வேலை உடுப்புகளைக் கொல்லைப்பக்கம் கொண்டுபோய் உதறு உதறென்று உதறிவிட்டுத்தான் தண்ணீரில் போடுவார்கள். உதறாமல் போட்டால் தூசு களிபோல் ஒட்டிக்கொள்ளும். "உங்க ஒர்க்‌ஷாப்புல பாதி எங்கூட்டுக் கொல்லையிலதான் இருக்குது" என்று ராஜம்மாள் இருமிக்கொண்டே சிரிப்பாள். வெட்டிப்போட்ட கல்நார்த் துணியைச் சகாதேவன் வீட்டுக்குக் கொண்டுவருவார். சோற்றுப் பானையை இறக்க ராஜம்மாள் அதில் பிடிதுணி தைப்பாள். பச்சையம்மாளுக்கும் ஒரு ஜோடி தைத்துக் கொடுத்தாள்.

கரி எஞ்சின்கள் நின்றுபோன பின் சகாதேவனைப் பெட்டி பழுது பார்க்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். இராமலிங்கம் அதற்கு முன்பே ஓயாத இருமலில் இளைத்துத் துரும்பாகிச் செத்துப்போனார். பீடிதான் காரணம் என்றார்கள். அவர் கட்டுக்கட்டாகக் குடித்தவர் என்பதால் யாரும் மறுத்துப் பேசவில்லை. பச்சையம்மாள் மகன் முருகையனைக் கூட்டிக்கொண்டு போளூருக்கே திரும்பிவிட்டாள். சகாதேவன் ரிட்டயராகி வந்து அப்பாவின் நிலத்தில் வீடு கட்டினார். ராஜம்மாள் கடை வைத்தாள். மகள் வினோதினியைத் திருவண்ணாமலை டவுனிலேயே கட்டிக்கொடுத்தார்கள். குறையென்று சொல்ல எதுவும் இல்லை.

போன வருஷம் ஆடி மாதம் ராஜம்மாளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. முதலில் குடத்தைத் தூக்கும்போது. அப்புறம் பேசும்போதே பாதியில் நிறுத்தி மூச்சை இழுத்துக்கொண்டு பேச்சைத் தொடர்ந்தாள். டவுனில் காட்டினார்கள். சளி என்றார் ஒருவர், டி.பி.யாக இருக்கலாம் என்றார் இன்னொருவர். நெஞ்சில் கோத்திருந்த தண்ணீரை ஊசி போட்டு இறக்கினார்கள். இறக்க இறக்க ஊறியது. கடைசியில் வினோதினி பிடிவாதமாக வேலூருக்கு அழைத்துப்போனாள்.

அங்கே டாக்டர் ஒரு பெண். படங்களை வெளிச்சத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"அம்மா, நீங்க மில்லு, சிமெண்ட் ஷீட் கம்பெனி, அந்த மாதிரி எங்கயாச்சும் வேலை பாத்தீங்களா?"

"நானா? சோறாக்குனதத் தவிர ஒண்ணும் பாக்கலம்மா."

"கல்நாருன்னு சொல்வாங்க, அஸ்பெஸ்டாஸ். அது எதுனா..."

சகாதேவன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அது நம்ம பொருளுங்க டாக்டர்! ரயில்வே ஒர்க்‌ஷாப்புல நான் பாய்லருக்கு அதத்தான் கட்டுனேன். மூட்டை மூட்டையா வரும். உரிக்கறப்ப பாத்தீங்கன்னா எதிர்ல நிக்கிற ஆளே தெரிய மாட்டான், அப்படியே மூட்டம் போட்ட மாதிரி..." ஆஸ்பத்திரி என்பதையே மறந்து, மோர் குடிக்க வந்தவர்களிடம் சொல்கிற அதே உற்சாகத்தோடு சொல்லிக்கொண்டு போனார்.

டாக்டர் எழுதுவதை நிறுத்தியிருந்தார்.

"நீங்க வேலைக்குப் போட்ட துணியெல்லாம் யாருங்க துவைப்பாங்க?"

"ஊட்லதான். இவதான்."

சொல்லி முடித்ததும் அந்த அறை எப்படி ஆனது என்று அவருக்குப் பின்னால் விவரிக்கத் தெரியவில்லை. டாக்டர் அவரையும் வினோதினியையும் வெளியே அழைத்துப்போய்ச் சொன்னார். உதறும்போது பறந்த தூசு நுரையீரலைச் சுற்றியுள்ள சவ்வில் தங்கி, இத்தனை வருஷம் சும்மா கிடந்து, இப்போது புற்றாகியிருக்கிறது. வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். "நீங்களும் ஒரு ஸ்கேன் எடுத்துப் பாத்துடுங்க ஐயா" என்றார். சகாதேவன் அதைக் காதில் வாங்கவில்லை.

அதற்குப்பின் அவர் பேச்சு அடங்கிவிட்டது. கடை பூட்டியே கிடந்தது. பௌர்ணமிக் கூட்டம் விடிய விடியப் போய்க்கொண்டிருக்கும். இவர் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பார். ராஜம்மாளுக்கு என்ன நோய் என்று யாரும் சொல்லவில்லை.

ஒருநாள் மத்தியானம் கஞ்சி கொடுக்கும்போது அவளே கேட்டாள்.

"ஏங்க, இப்பல்லாம் ஒர்க்‌ஷாப் கதையே காணோம்?"

"இன்னா பெரிய கதை."

"எங்கிட்ட மறைக்காதீங்க. அந்தம்மா கேட்டப்பவே எனக்குப் புரிஞ்சிபோச்சி." மூச்சு வாங்கிக்கொண்டாள். "நீங்க அதுலயே முழுகி எழுந்தீங்க. உங்கள உட்டுட்டு என்ன புடிச்சிகிச்சி பாருங்க."

அவள் சிரிக்கப் பார்த்தாள், இருமலாகிவிட்டது. இருமி ஓய்ந்ததும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். கோபமா, வலியா என்று அவருக்குத் தெரியவில்லை. கஞ்சி ஆறிப்போகும்வரை கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தார்.

அன்றைக்கு அவள் மறுபடி பேசியபோது பொழுது சாய்ந்திருந்தது. "பச்சையம்மா எப்படி இருக்குறாளோ. அவளும் என் மாதிரி உதறுனவதான. பிடிதுணி வேற தெச்சிக் குடுத்தேன். ஒரு எட்டு போயி சொல்லிட்டு வாங்க. பெரிய ஆஸ்பத்திரியில காட்டச் சொல்லுங்க."

மறுநாள் வினோதினியை அம்மாவுக்குத் துணையாக இருத்திவிட்டுப் போளூருக்குப் பஸ் ஏறினார். பச்சையம்மாள் வாசலில் வடகம் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஆளைப் பார்த்ததும், "வாண்ணா! எத்தினி வருஷமாச்சி! அக்கா வரலியா?" என்று உள்ளே கூட்டிப்போய்க் காபி போட்டுக் கொடுத்தாள். மூச்சில் இளைப்பு இல்லை, நடையில் தளர்ச்சி இல்லை. அதைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. கூடவே அந்தச் சந்தோஷத்துக்கு அடியில், இவளும்தானே உதறினாள் என்று வேறொன்றும் இருந்தது. அதை நினைக்க அவருக்கே கூச்சமாக இருந்தது.

எல்லாவற்றையும் சொன்னார். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். முடிந்ததும், "அப்ப அவுரு?" என்றாள்.

சகாதேவனுக்கு உடனே விளங்கவில்லை.

"எம் புருஷன். அவுரு செத்ததும் இதுலதானா?"

"தெரியலம்மா. அப்ப யாரும் பாக்கல. இருக்கலாம்."

"பீடி குடிச்சே செத்தான், எங்கள நடுத்தெருவுல உட்டுட்டுப் போனான்னு இத்தினி நாளும் திட்டிகினே இருந்தேனே அண்ணா." அவள் குரல் உயரவில்லை. "சாவக் கெடந்தப்பகூட ஒரு வாய்த் தண்ணி கேட்டாரு. பீடியவே குடின்னு சொன்னேன். அப்பறம் குடுத்தேன். ஆனா சொல்லிட்டுத்தான குடுத்தேன்."

சகாதேவனுக்கு ஏன் வந்தோம் என்றிருந்தது. கிளம்பும்போது அவள் எழுந்து வரவில்லை. முருகையன்தான் பஸ்ஸுக்குக் கொண்டுவிட்டான்.

வீட்டில் ராஜம்மாள் விழித்துக் காத்திருந்தாள்.

"எப்படி இருக்குறா?"

"நல்லா இருக்குறா. வடகம் போட்டுகினு இருந்தா."

"அப்பாடா" என்றாள். மற்றதை அவர் சொல்லவில்லை.

மாசி பிறந்த வாரத்தில் ஒரு விடியற்காலை ராஜம்மாள் போய்விட்டாள். கடைசி நாட்களில் மருந்து மயக்கத்தில் குவார்ட்டர்ஸில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டு, "ஒர்க்‌ஷாப் சங்கு ஊதிட்டாங்க, எழுந்திரிங்க" என்று இரண்டு மூன்று தடவை அவரை எழுப்பினாள். "இன்னிக்கி லீவு, படு" என்று அவரும் சொல்லிவைத்தார். காரியத்துக்குப் பச்சையம்மாள் வந்திருந்தாள். சாப்பிடாமலே கிளம்பிப்போனாள்.

சித்திரையில் வினோதினி, "நீயும் ஒரு தடவ காட்டிட்டு வந்துரலாம்பா" என்று நச்சரித்து அவரை வேலூருக்கு இழுத்துப்போனாள். வேண்டாம் என்று தர்க்கம் செய்யக்கூட அவருக்குத் தெம்பில்லை. அதே டாக்டர்தான். ஸ்கேனை நெடுநேரம் பார்த்துவிட்டு முகம் மலர்ந்தார்.

"ஒண்ணும் இல்லங்க ஐயா. ரெண்டு எடத்துல லேசா தழும்பு மாதிரி தெரியுது, அவ்ளோதான். உங்க வயசுக்கு நுரையீரல் ரொம்ப நல்லா இருக்குது."

"அண்ணாமலையாரே" என்று வினோதினி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

சகாதேவன் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். வராந்தாவில் வரிசையாக நாற்காலிகள். ஓரத்தில் காலியாக இருந்த ஒன்றில் உட்கார்ந்தார். மனைவி செத்தபோதும், எடுத்துப்போய் அடக்கம் செய்தபோதும் அழாத மனிதர், துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு அழுதார். எதிர் வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மருந்துச் சீட்டோடு பின்னால் வந்த வினோதினி அவர் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

"அதான் ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாங்களேப்பா. எதுக்குப்பா அழுவுற?"

அவர் துண்டை உதறப் போய், சட்டென்று நிறுத்தி, மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.