ஆள் இல்லை என்று சொன்ன பக்கம்

என் தங்கை "ஆள் இல்லை" என்று சொன்ன பக்கத்தில்தான் கேன்டீன் அக்காவின் புருஷன் கிடந்தார்.

தங்கையை வீட்டில் சுண்டு என்போம். குள்ளம். பல்கலைக்கழகத்தில் ட்ரோன், தானியங்கி அமைப்புகள் பற்றிய படிப்பில் கடைசி வருடம். நான் ஊர் சுற்றிவிட்டு வந்து இறங்கும்போதெல்லாம், "வந்துட்டியா, எப்ப கிளம்புற?" என்று ஒரே மூச்சில் கேட்பாள். அவள் கட்டிலில் பாதி பேட்டரியும் இறக்கையும் திருகாணியும், மிச்சத்தில் அவள்.

அவள் குழு செய்தது, தானே பறந்து, காணாமல் போனவர்களைத் தேடும் ட்ரோன். மேலிருந்து பார்த்தால் மனிதன் எப்படித் தெரிவான் என்று அதற்குப் படம் காட்டிக் காட்டிப் பழக்க வேண்டும். படத்துக்கு ஆள்? வகுப்புத் தோழர்கள்தான். விளையாட்டு மைதானத்தில் கை காலை விரித்து மல்லாந்து கிடந்தார்கள்.

"டேய், மயங்கிக் கிடக்கிறவன் சிரிக்கமாட்டான்டா!"

"மேலருந்து என் பல்லா தெரியப்போகுது? தொப்பைதான் தெரியும்."

சோதனையில் ட்ரோன் ஒருவரைக்கூடத் தவறவிடவில்லை. சோதனைக்குப் படுத்தவர்களும் அவர்களேதான்.

பல்கலைக்கழகக் கேன்டீனில் டீ போடும் அக்காவின் புருஷனுக்கு மறதி நோய். ஒரு காலையில் வீட்டுக் கதவு திறந்து கிடந்தது, அவரைக் காணோம். பல்கலைக்கழக வளாகத்தை ஒட்டித்தான் வீடு; பின்னால் முள்காடு. அக்கம்பக்கத்தார் கம்போடு அதற்குள் நுழையத் தயாராக நின்றார்கள். "இருங்க, நம்ம பிள்ளைங்க பறக்கவிட்டுப் பாக்கட்டும்," என்றார் பேராசிரியர். ட்ரோன் காட்டின் மேல் கோடு கோடாகப் போய் வந்தது. ஆளைக் கண்டால் திரையில் சிவப்புக் கட்டம் விழ வேண்டும். விழவில்லை.

"இங்க ஆள் இல்லண்ணே. ஆத்துப் பக்கம் போங்க," என்றாள் சுண்டு. எல்லோரும் போனார்கள்.

இரண்டு நாள் கழித்து, ஆடு மேய்ப்பவர் ஒருவர் முள்காட்டில் உடலைப் பார்த்தார். முந்தின நாள்வரை உயிர் இருந்திருக்கும் என்றார் மருத்துவர்.

அன்றுதான் சுண்டு ட்ரோன் எடுத்த வீடியோவை ஓடவிட்டாள். அதுவரை பார்க்கவில்லை; பார்க்கத்தானே இயந்திரம் என்று இருந்துவிட்டாள். புதர் ஓரத்தில் அவர் முழங்காலைக் கட்டிக்கொண்டு, கவிழ்த்த கூடை மாதிரி உட்கார்ந்திருந்தார். பளிச்சென்று தெரிந்தது. மைதானத்தில் ஒருவர்கூட அப்படி உட்காரவில்லை. மேற்கொண்டு பார்க்க முடியாமல் சுண்டு வீடியோவை அங்கேயே நிறுத்திவிட்டாள்.

"அறிக்கையில, புதர் நிழல் மறைச்சிடுச்சுன்னு எழுதும்மா," என்றார் பேராசிரியர். "பட்டம் முக்கியம்."

"நிழலே இல்ல சார்."

"அது தெரிஞ்சு அந்தம்மாவுக்கு என்ன ஆகப்போகுது?"

எங்கள் அம்மாவும் பேராசிரியர் பக்கம்தான். "ஆறின புண்ணைக் கீறாதடி."

"எங்க ஆறிச்சும்மா?"

மறுநாள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கேன்டீன் அக்கா வீட்டுக்குக் கிளம்பினாள். துணைக்கு நானும் போனேன். அக்கா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். சுண்டு நின்றபடியே சொன்னாள்: "அக்கா, அவர் அங்கதான் இருந்தார். என் மெஷின் பாக்கல. நானும் பாக்கல. எல்லாரையும் ஆத்துக்கு அனுப்பினது நான்தான்."

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். "காட்டு."

சுண்டு நிறுத்திய இடத்துக்கு அப்பாலும் வீடியோ ஓடியது. அவர் தலையைத் தூக்கினார். ட்ரோனைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

"உன்னைத்தான் கூப்பிடுறாரு," என்றாள் அக்கா.

சுண்டு லேப்டாப்பை மூடப் போனாள்.

"மறுபடி போடு."

போட்டாள். அக்கா கேட்கக் கேட்கப் போட்டுக்கொண்டே இருந்தாள்.

அறிக்கையில் நிழல் என்று சுண்டு எழுதவில்லை. அந்த வருடம் அவளுக்குப் பட்டமும் இல்லை. கேன்டீன் அக்கா இன்றுவரை அவளோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. டீயை மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுகிறாள்.