பாதித் தலை

ஊருக்கெல்லாம் முடி வெட்டுகிறவரின் தலையில் காடு மண்டிக் கிடந்தது. கத்திரி பட்டு நான்கு மாதம் ஆயிற்று. "முதல்ல நீங்க உட்காருங்கண்ணே, நாங்க வெட்டி விடுறோம்" என்று வாடிக்கையாளர்கள் கிண்டலடித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். சிரிக்கும்போதும் கால் மாற்றிக் கால் வைத்துக்கொண்டேதான் நின்றார்.

உட்காரத்தான் அவரால் முடியவில்லை. ஆளில்லாத அறையில் அவரைத் திட்டிக்கொண்டிருந்த குரல்களின் வாயை மாத்திரை அடைத்திருந்தது. அந்தப் புண்ணியத்தை மறுக்க முடியாது. ஆனால் அதே மாத்திரை கால்களுக்குள் இறங்கிப் பாடாய்ப் படுத்தியது. தட்டைக் கையில் ஏந்தி, நடந்துகொண்டே சாப்பிட்டார். "இருப்புக்கொள்ளல டாக்டர்" என்று சொல்லிப் பார்த்தார். நோய்தான் திரும்புகிறது என்று நினைத்து டாக்டர் மாத்திரையைக் கூட்டிவிட்டார்.

அவர் ஏங்கியது ஒன்றும் பெரிய விஷயத்துக்கு இல்லை. தன் கடையின் சன்னலோர நாற்காலிக்குத்தான். மாதம் ஒரு திங்கட்கிழமை, கடை திறக்குமுன், கூடவே தொழில் செய்யும் மனைவியின் தம்பியான மச்சான் அதில் அவரை உட்காரவைத்து முடி வெட்டுவான். பின்கழுத்தில் சீப்பு பட்டதுமே தூங்கிவிடுவார்.

ஒரு நாள் மாத்திரைகளைக் குப்பையில் கொட்டப் போனவரின் கையை மச்சான் பிடித்துக்கொண்டான்.

"வேணாம் மாமா. அந்தக் குரலெல்லாம் மறுபடி வரணுமா?"

"இந்தக் கால வச்சுக்கிட்டு நான் எத்தனை நாள்டா ஓட்டுறது?"

மறுநாள் டாக்டரிடம் அவனும் கூடப் போனான். "கத்திரிச் சத்தம் கேட்டாலே குறட்டை விடுற மனுஷன் சார். இப்ப நாற்காலியப் பார்த்தாலே ஓடுறாரு. கொஞ்சம் அவர் காலப் பாருங்க."

டாக்டர் அவரை உட்காரச் சொல்லி, ஒரு நிமிடம் கால்களையே பார்த்தார்.

"இது மாத்திரையால வர்றது. நான் முன்னாடியே கவனிச்சிருக்கணும்" என்றவர் அளவைக் குறைத்துக் கொடுத்தார். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள் என்று இரண்டு தரம் சொல்லி அனுப்பினார்.

மூன்றாவது வாரம், கடை திறக்குமுன், அவராகவே போய் நாற்காலியில் உட்கார்ந்தார். மச்சான் போர்வையைப் போர்த்தி வெட்டினான். வலப்பக்கம் முடிந்தது. கண் செருகிக்கொண்டு வந்தது. அதற்குள் கால் பரபரக்க, எழுந்துவிட்டார்.

"மீதிய நாளைக்குப் பார்த்துக்கலாம் மாமா."

மச்சான் நீட்டிய தொப்பியை அவர் வாங்கவில்லை. அந்தத் தலையோடே கடையைத் திறந்தார்.

"என்னண்ணே இது, பாதித் தலை?" என்றார் முதலில் வந்தவர்.

"இன்னிக்குப் பாதி உட்கார்ந்துட்டேன்ல" என்று சொல்லிப் போர்வையை உதறினார்.